பிள்ளையார்பாளையத்துப் பிரெஞ்சுக்காரர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெளிநாட்டில் போய்க் குடியேறுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். சிலர் கடல் பார்த்து வீடு வாங்குவார்கள், சிலர் மலை பார்த்து வாங்குவார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஏழுமலையின் தறி தெரிகிற மாதிரி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குடியேறிய ஒரே வெளிநாட்டுக்காரர் எங்கள் சொல்தாதான்.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். புதுச்சேரிப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆள் பிறந்தது புதுச்சேரி, பாஸ்போர்ட் பிரான்ஸ், பெண் எடுத்தது எங்கள் தெருவில். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பாலைவனத்தில் கண்ணிவெடியை மிதித்ததில் வலது கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. பென்ஷன் வாங்கிக்கொண்டு மனைவியோடு இங்கே வந்தார். "புதுச்சேரியிலயே இருந்திருக்கலாமேண்ணே" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க தெருவுக்கு நாலு சொல்தா இருக்கான்பா. அதுல ஒருத்தன் நொண்டி. நான் போனா ரெண்டாவது நொண்டி. இங்கன்னா நான் ஒருத்தன்தான்."

அந்தப் பெருமை அவருக்கு இன்று வரை குறையவில்லை. கைலிக்கு மேல் பட்டாளத்துத் தொப்பி. பால் வாங்கப் போனாலும் மார்ச் பாஸ்ட். எந்தப் பேச்சையும் 'அலோர்' என்றுதான் ஆரம்பிப்பார். பிரெஞ்சில் 'அப்புறம்' என்று அர்த்தமாம். பத்து வருடத்தில் தெருவே அலோர் போட ஆரம்பித்துவிட்டது. "அலோர், கோறா வந்துச்சா?" என்று பட்டு நூலைப் பற்றி இரண்டு நெசவாளர்கள் பேசிக்கொள்வதை வேறு எந்த ஊரில் கேட்க முடியும்?

பிரெஞ்சு அரசாங்கம் கொடுத்த செயற்கைக் காலுக்கு அவர் வைத்த பேர் மாப்பிள்ளை. "தினம் எண்ணெய் போடணும், மழையில விடக்கூடாது, ஒரு நாள் கவனிக்கலன்னா மொறைச்சுக்குவாரு. வேற என்ன பேரு வைக்கிறது?" என்பார். வராத நாளில் போன் செய்தால், "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு மனசு சரியில்லப்பா" என்று பதில் வரும். தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, அவர் மகளுக்காக ஒரு வாரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

நானும் அவரும் போன ஒரு கோயில் வாசலில் செருப்புக் கடைக்காரர், "ஷூவைக் கழட்டிட்டுப் போங்க சார்" என்றார். மாப்பிள்ளையின் ஷூ பாதத்தோடு சேர்த்து இறுக்கி மாட்டியது. சொல்தா விளக்கமெல்லாம் சொல்லவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார், வார்களை அவிழ்த்தார், காலை முழுசாகக் கழற்றி, ஷூவோடு, பலகை மேல் படுக்க வைத்தார்.

"டோக்கன் குடு."

கடைக்காரர் டோக்கன் கொடுத்தார். ஒற்றைக் காலில், என் தோளைக்கூடத் தொடாமல், கோலை ஊன்றிக்கொண்டு பிராகாரம் முழுக்கச் சுற்றினார் மனிதர். திரும்பி வந்தபோது கடைக்காரர் காலின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். காசு வாங்கவில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் என் ஜெராக்ஸ் கடையால் வந்தது. பென்ஷன் வர, அவர் வருடத்துக்கு ஒரு முறை, தான் உயிரோடு இருப்பதாக ஒரு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஃபாரத்தை நான்தான் பூர்த்தி செய்வேன். ஒரு வருடம் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி நிமிர்ந்தே பார்க்காமல் பேனாவை எடுத்தார். சொல்தா ஃபாரத்தை இழுத்துக்கொண்டார்.

"என்னைப் பாத்துட்டுப் போடுங்க சார். உயிரோட இருக்கேன்னு எழுதறீங்க. எத்தனை மணிக்குன்னும் எழுதுங்க."

"மணி எதுக்குங்க?"

"பதினொன்னே கால் வரைக்கும் உங்க பொறுப்பு. அதுக்கு மேல என் பொறுப்பு."

அதிகாரி சிரித்துவிட்டு மணியும் எழுதினார்.

மனைவி தவறிப்போன பிறகுதான் சிக்கல் வந்தது. மகள் தேவகி பிரான்சில் நர்ஸ். லீவு போட்டு வந்து இறங்கினாள். அப்பா தனியாகச் சமைக்கிறார், தனியாகக் குளிக்கிறார், குளியலறையில் ஒருமுறை வழுக்கியும் விழுந்திருக்கிறார் என்பதையெல்லாம் எப்படியோ தெரிந்துகொண்டிருந்தாள். "எழுபது வயசுல ஒத்தக் கால்ல, தனியா. எங்கூடக் கிளம்புப்பா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே வீடு பாத்துட்டேன்."

"நான் வரலம்மா."

"விழுந்தா யாரு தூக்குவா?"

"நான் விழல. மாப்பிள்ளைதான் விழுந்தாரு."

ஒரு வாரம் இரண்டு பேரும் பிரெஞ்சில் சண்டை போட்டார்கள். எங்களுக்கு அலோர் மட்டும்தான் புரிந்தது. எட்டாம் நாள் இருவரும் என் கடைக்கு வந்தார்கள், கையில் ஒரு காகிதம். நவம்பரில் புதுச்சேரிக் கடற்கரையில், போரில் இறந்தவர்களுக்காக முன்னாள் சிப்பாய்கள் மரியாதை செலுத்துவார்கள். அந்த வருடம் அவர்கள் சங்கத்துக் கொடியைப் பிடிக்கச் சொல்தாவைக் கூப்பிட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். காகிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: நாற்காலி இல்லாமல், யாரும் வந்து தாங்காமல், முடியும் வரை அவர் நின்றுவிட்டால் இங்கேயே இருக்கலாம். யாராவது கை கொடுத்தால் பிரான்சுக்குப் பெட்டி கட்ட வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அலோர், ரெண்டு காப்பி போடுப்பா" என்றார் சொல்தா.

அப்புறம் ஒரு மாதம் தெருவில் பயிற்சி நடந்தது. ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் கொடிக்குப் பதில் ஈரச் சாக்கு, அதைப் பிடித்துக்கொண்டு காலை வெயிலில் அசையாமல் நிற்பார். அதே நேரத்தில்தான் எங்கள் தெருவில் பாவு விரிப்பார்கள். புடவைக்கான நீள நூலையெல்லாம் தெருவோடு இழுத்துக் கட்டுவார்கள். நடுவில் இவர் நின்றால் வேலை ஓடுமா?

"சும்மாதான நின்னுக்கினு இருக்கிற சொல்தா, இந்தக் கயித்தையும் புடி" என்று ஒரு பெண் பாவுக் கயிற்றின் முனையை அவர் இடுப்பு பெல்ட்டில் மாட்டிவிட்டாள். அரை மணி நேரம் தரையில் அடித்த முளைக்கம்பு மாதிரி நின்றார். "நம்ம முளைக்கம்புகூட இப்படி நிக்காது" என்று அவளே அன்று சர்ட்டிபிகேட் கொடுத்தாள்.

எதிர் வீட்டு ஏழுமலைதான் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளவில்லை. ஏழுமலை நெசவாளர், அதைவிட முக்கியம், சாமி தூக்குகிறவர். தெருவில் சாமி புறப்பாடு என்றால் பல்லக்குத் தண்டுக்கு முதல் தோள் அவருடையது. தண்டு அழுத்தி அழுத்தித் தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்துப் போயிருக்கும். "தாங்கக் கூடாதுன்னு என்னம்மா கண்டிஷன்? சாமியே தனியா நிக்கிறதில்ல" என்று தேவகியிடம் நேராகவே கேட்டார். அவள், "எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சுண்ணே" என்றாள்.

நிகழ்ச்சி அன்று காலை பன்னிரண்டு பேர் ஒரு வேனில் புதுச்சேரி போனோம். கடற்கரையில் கயிறு கட்டி, பார்க்க வந்தவர்களை ஒரு பக்கம் நிறுத்தியிருந்தார்கள். சொல்தா கோட்டுப் போட்டு, மெடல் குத்தி, வெள்ளைக் கையுறையோடு மற்ற கொடிக்காரர்களுக்கு நடுவில் போய் நின்றார். கைலியில் பார்த்தே பழகிய எங்களுக்கு அது வேறு யாரோ மாதிரி இருந்தது. "நம்ம ஆளாய்யா அது?" என்று வேன் டிரைவர் கேட்டான். எல்லாரும் ஒரே சமயத்தில் ஆமாம் என்றோம்.

பத்து நிமிடம். இருபது. பேச்சு, மாலை, வாத்தியம். நல்ல வெயில். சொல்தா முகத்தில் வேர்வை ஓடுகிறது, ஆள் அசையவில்லை. தேவகி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடிகாரம் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

அப்போது ஒரு ஊதுகொம்பு ஊதினார்கள். கூட்டம் முழுக்க மௌனம். இறந்தவர்களுக்கு மரியாதையாக எல்லாக் கொடிகளும் மெதுவாக முன்னால் சாய்ந்தன. அதுதான் அங்கே முறை. எங்களுக்கு அது தெரியாது. ஏழுமலை மற்ற கொடிகளைப் பார்க்கவே இல்லை. நாற்பது வருடமாக அவர் பழகியதெல்லாம் ஒன்றுதான்: பல்லக்குத் தண்டு சாய்ந்தால் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது, ஓடிப்போய்த் தோள் கொடுக்க வேண்டும்.

வேட்டியை மடித்துக் கட்டியது தெரியும். கயிற்றைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. அடுத்துப் பார்க்கும்போது சொல்தாவின் கொடிக்கம்புக்கு அடியில் ஏழுமலையின் தோள் இருந்தது.

அவர் போன வேகத்தையும் நின்ற பக்குவத்தையும் பார்த்து, இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பாகம் என்று போலீஸ்காரரே நினைத்துவிட்டார். அந்த மௌனத்தில் இரண்டு பேர் பேசுவது மட்டும் கேட்டது.

"ஏழுமலை. போய்யா."

"நீ புடி. நான் இருக்கேன்."

"இது மரியாதைய்யா. சாயத்தான் செய்யும்."

"சாயட்டும். அடியில நான் இருக்கேன்."

மறுபடி ஊதினார்கள். எல்லாக் கொடிகளும் நிமிர்ந்தன. எங்கள் கொடி மட்டும் மற்றதைவிட ஒரு நொடி முன்னாலேயே, சாமி எழுப்புகிற வேகத்தில், விர்ரென்று எழுந்தது.

முடிந்ததும் சொல்தா நேராக மகளிடம் நடந்து வந்தார். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். "தாங்கிட்டாங்கம்மா. தோத்துட்டேன். பெட்டி கட்டிடுறேன்." ஒரு சமாதானம் சொல்லவில்லை, ஏழுமலையை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பட்டாளத்துக்காரர் தோற்பதையும் சுத்தமாகத்தான் செய்தார்.

ஏழுமலைக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

தேவகி அவரைப் பார்த்தாள். "கண்டிஷன் உங்களுக்குத் தெரியும்தானேண்ணே?"

"தெரியும்மா. சாயும்போது கண்டிஷன் ஞாபகம் வருமா?"

அவள் கிட்டே வந்தாள். பிறகு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிற மாதிரி, அவர் சட்டைக் காலரை விலக்கி அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். காய்த்த இடத்தை விரலால் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"அதுல ஒண்ணும் தெரியாதும்மா. எத்தினி வருஷமா வெயிட் ஏத்தியிருக்கேன்."

காலரைச் சரி செய்துவிட்டாள். கைப்பையிலிருந்த காகிதத்தை எடுக்கவே இல்லை. "பசிக்குது. எங்க சாப்பிடலாம்?" என்றாள்.

"அலோர், பெட்டி?" என்றார் சொல்தா.

"எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள். சொல்தா அவளுக்குப் பின்னால் ஒரு மார்ச் பாஸ்ட் போட்டார் பாருங்கள், அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. தேவகி ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரான்சிலிருந்து எனக்குப் போன் செய்கிறாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "ஏழுமலை அண்ணன் தோள் எப்படி இருக்குது?" என்றுதான் கேட்பாள். நான் கடையிலிருந்து தெருவை எட்டிப் பார்ப்பேன். தொப்பியும் கைலியுமாகப் பால் வாங்கிக்கொண்டு ஒருவர் வந்துகொண்டிருப்பார்.

"நல்லா இருக்குதும்மா" என்பேன்.