சுருங்க ஆள் தேவை

எங்கள் அலுவலகக் கணினியில் புதிய இயங்குதளம் நிறுவும் மாபெரும் பணி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இயக்குநர் தலைமையில், பதினோரு நாற்காலிகளுடன் இனிதே தொடங்கியது. கணினிக்காரருக்கு மட்டும் நாற்காலி மிஞ்சவில்லை. நின்றுகொண்டே தட்டினார்.

வேலை முடிந்ததும் என் இடமாற்ற மனுவில் கையெழுத்துப் போடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக நான் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர். லீவில் போனால் என் மகள், "அம்மா, ஒரு மாமா வந்திருக்காங்க" என்கிறாள்.

பழைய கோப்புகளையெல்லாம் நகல் எடுத்துவிட்டு, கணினிக்காரர் கணினியின் சேமிப்பு வட்டை அறை அறையாகப் பிரிக்க உட்காராமல் உட்கார்ந்தார். அலுவலகத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அறை.

"அளவைப் பத்திக் கவலை வேண்டாம் சார். பின்னால நீட்டிச் சுருக்குற மாதிரியே அமைச்சுடறேன்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. 'நெகிழ்வான நிர்வாகம்' என்ற மூன்று நாள் பயிற்சிக்குப் போய், போன மாதம்தான் ஒரு பையோடு திரும்பியிருந்தார்.

"அப்போ எனக்குப் பாதி வட்டு. அதிகம்னா அப்புறம் சுருக்கிக்கலாமே!"

அதே நியாயப்படி கண்காணிப்பாளர் கால் வட்டு கேட்டார். எழுத்தர்களான எங்களுக்கும் கால் வேண்டுமென்று நான் எழுந்து முழங்கினேன்.

"இயங்குதளம் போக மிச்சம் இருந்தது தீர்ந்துடுச்சு சார். மனுப் பிரிவுக்கு யாராவது கொஞ்சம் சுருங்கணும்," என்றார் கணினிக்காரர்.

"சுருங்குறதா? பதவி இறக்கம் மாதிரி இல்ல இருக்கு!" என்றார் கண்காணிப்பாளர்.

"மனுப் பிரிவு சார்பா யார் வந்திருக்காங்க?" என்றார் இயக்குநர்.

யாரும் வரவில்லை. மனுக்களுக்கு நாற்காலி போடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"அப்போ இப்போதைக்குப் பூஜ்யம். தேவைப்பட்டா நீட்டிக்கலாம்."

"சார், அறை இல்லாத கோப்பைத் திருப்பி ஏத்த முடியாது. நகலையும் இன்னைக்கே அழிக்கணும்னு உங்க விதி சொல்லுது."

"விதின்னா விதிதான். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் எழுந்தது என் கை. முழங்கிய வேகம் இன்னும் அடங்கவில்லை.

மாலையில் பேனாவோடு போய் நின்றேன்.

"எங்கே உங்க மனு?" என்றார் இயக்குநர்.

"அது மனுப் பிரிவுல இருந்துச்சு சார்," என்றார் கணினிக்காரர்.

"அதனால என்ன? அந்த அறையை நீட்டுங்க. புதுசா ஒண்ணு எழுதிக் குடுக்கட்டும்."

"யாராவது சுருங்கணும் சார்."

"அப்படின்னா, சுருங்கச் சொல்லி ஒரு மனு போடச் சொல்லுங்க."

மனைவியிடம் போனில் சொன்னேன். "உங்க எழுத்தர் பிரிவுதான் கால் வட்டு வாங்கியிருக்கே, அதுல கொஞ்சம் விட்டுக் குடுக்கக்கூடாதா?" என்றாள்.

நியாயமான கேள்வி. அந்தக் கால் வட்டில் அப்போது இருந்தது ஒரு லீவு பட்டியல் மட்டும்தான். மறுநாளே மற்ற நான்கு எழுத்தர்களையும் கூட்டி, "மனுப் பிரிவுக்காக நாம கொஞ்சம் சுருங்கலாமா? சம்மதம்னா கை தூக்குங்க" என்றேன்.

நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கைகூட, கொஞ்சம் யோசித்துத்தான் எழுந்தது.