செலக்டர் டேப் பார்த்த பத்து நாள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை உள்ள அத்தனை செல்போன் கடைக்காரர்களையும் ஒரே வாரத்தில் கையெடுத்துக் கும்பிட வைத்த மனிதர் எங்கள் செலக்டர் ஒருவர்தான். வரி கேட்டு வருகிற ஆபீசருக்குக்கூட அசராத ஒரு கடைக்காரர், இவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் "மத்தியான சாப்பாடு" என்று ஷட்டரைப் பாதி இறக்கினார். அப்போது மணி காலை பத்தரை.

செலக்டர் என்றதும் கிரிக்கெட் டீமுக்கு ஆள் எடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் வேலை பார்த்த நூல் மில்லில் அவர் பஞ்சு செலக்டர். லாரியில் வரும் பேல்களில், அதாவது கட்டிய பஞ்சுப் பொதிகளில், எதை இறக்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று சொல்வது அவர் வேலை. பேலின் மேலாக இருக்கும் பஞ்சைத் தொடமாட்டார். முழங்கை வரை கையை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி பிடுங்குவார். அதை இரண்டு கட்டைவிரலுக்கும் இடையில் வைத்து இழுத்து இழுத்துச் சீவி, கடைசியில் மிஞ்சும் இழையைத் தொடை மேல் ஒட்டிப் பார்ப்பார். வெள்ளை இழை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வருஷம் முழுக்கக் கறுப்பு பேண்ட். "இழை நீளம் இருபத்தொம்பது மில்லிமீட்டர். ஈரம் சாஸ்தி. வண்டியத் திருப்பச் சொல்லு" என்பார். லேப் மெஷினும் அதையேதான் சொல்லும், அரை மணி நேரம் கரண்டைத் தின்றுவிட்டு.

இந்தப் பழக்கம் மில் கேட்டோடு நின்றிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருக்காது. பால்கோவா வாங்கப் போனால், "மேல இருக்குறது பாக்குறவுகளுக்கு. நடுவுல தோண்டு" என்பார். கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த சோற்றை ஒதுக்கிவிட்டு, வாளியின் நடுவில் கரண்டியை விடச் சொல்லி நிற்பார். மில்லில் ஒருவர் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீடு விசாரிக்க இவரைக் கூட்டிக்கொண்டு செட்டியார்பட்டிக்குப் போனார். இவர் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையின் மூன்று அண்ணன் தம்பிகளில் நடு ஆளைத் தனியாகக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்து, "மூத்தவனையும் கடைக்குட்டியையும் வீட்டுல சொல்லிக் குடுத்து வச்சிருப்பாக. நடுவுல உள்ளவன யாரும் கண்டுக்கிறதில்ல, அவன்தான் உள்ளதச் சொல்லுவான். மாப்பிள்ள நல்ல பையன், ஆனா தூக்கத்துல கத்துவானாம்" என்றார். கல்யாணம் நடந்தது. கத்தத்தான் செய்கிறாராம்.

நான் அப்போது அதே மில்லில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தேன். என் வேலையைவிட என் மிமிக்ரி பிரபலம். மேனேஜர் மாதிரி இருமுவேன், வாட்ச்மேன் மாதிரி சல்யூட் அடிப்பேன். கேண்டீனில் நான் எழுந்து நின்றாலே டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்காருவார்கள். அந்தக் கைதட்டலில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் ஏறியிருந்தது. இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

ஒருநாள் செலக்டர் என் மேஜைக்கு வந்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். பத்தாயிரத்துக்குள்ள ஒரு டேப்லெட் வாங்கலாமா, இல்ல அது குப்பையா?"

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தான். மகளுக்குக் கோயம்புத்தூர்ல வேல கெடச்சிருக்கு, ஆஸ்டல்ல தங்கப் போறா. எங்கிட்ட பட்டன் போனுதான். வீட்டுல ஒண்ணு இருந்தா தெனம் பேசிக்கிடலாம். பத்து நாள்ல கெளம்புதா. போறதுக்குள்ள முடிவு பண்ணணும்."

மகளோடு பேச டேப் எதற்கு, கையில் இருக்கும் பட்டன் போனே போதுமே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு என் ஞானத்தைக் காட்ட வேண்டியிருந்தது. ரேம், பிராசஸர், ஸ்டோரேஜ் என்று பதினைந்து நிமிஷம் பொழிந்தேன். "பத்தாயிரத்துக்கு வர்றதெல்லாம் பொம்மை அண்ணாச்சி. ஆறு மாசத்துல தொங்கிரும்" என்று முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்கு என்கூட கடைக்கு வா" என்றார்.

முதல் கடை ராஜபாளையத்தில். கடைக்காரர் அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்களில் மேலாக இருந்ததை எடுத்தார். "அத வைங்க. நடுவுல உள்ளத எடுங்க" என்றார் செலக்டர்.

"எல்லாம் ஒண்ணுதான் சார், கம்பெனியில சீல் போட்டு வருது."

"பேலும் சீல் போட்டுத்தான் வருது."

அவர் நடு டப்பாவை உருவ, மேலே இருந்த ஏழும் சரிந்தன. உருவியது டேப்பே இல்லை, மிக்ஸி ஜார் மாதிரி ஏதோ ஒரு ஸ்பீக்கர். கடைக்காரர் என்னை முறைத்தார். நான் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தேன்.

இரண்டாவது கடையில்தான் பெரிய கூத்து. சாம்பிளுக்கு வைத்திருந்த டேப்பைக் கண்ணாடி மேஜை மேல் சாய்த்து நிறுத்தச் சொன்னார். "லைட்ட அணைங்க." கடைக்காரர் பதறினார். "எல்லாத்தையும் இல்ல, ஒண்ணு மட்டும் எரியட்டும். எங்க வீட்டுப் பட்டாசாலையில, அதான் கூடத்துல, அம்புட்டுத்தான் வெளிச்சம்" என்றார் செலக்டர். முன் கேமராவில் வீடியோவைப் போடச் சொல்லிவிட்டு நான்கடி தள்ளி நின்றார். பிறகு கையைத் தூக்கினார்.

என்னவென்று சொல்வேன்! நெஞ்சைத் தொட்டார், தாடையைத் தொட்டார், கையை மூடி விரித்தார், காற்றைத் தள்ளினார், இரண்டு கையையும் தன் பக்கம் இழுத்தார். புருவம் ஏறி இறங்கியது. வாயில் சத்தமில்லை. கடைக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா, சாமி வந்துவிட்டது என்று நினைத்து இரண்டடி பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒன்றரை நிமிஷம் ஆடிவிட்டு, டேப்பில் பதிவானதைப் போட்டுப் பார்த்து, "விரலெல்லாம் ஒட்டுது. வெளங்காது" என்று வெளியே வந்துவிட்டார்.

இந்த ஒன்றரை நிமிஷத்தையும் நான் என் போனில் எடுத்துவிட்டேன். என் போன் விலை உயர்ந்த போன், துல்லியமாக விழுந்திருந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அதற்கு உறுமி மேளம் சேர்த்தேன். 'டேப்புக்குப் பேய் ஓட்டும் செலக்டர்' என்று எழுதி மில் குரூப்பில் போட்டேன். எங்கள் பக்கம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் போக அரை மணி ஆகும், வாட்ஸப்புக்கு அதெல்லாம் கிடையாது. சாயங்காலத்துக்குள் மம்சாபுரத்திலிருந்து என் சித்தப்பா அதை எனக்கே அனுப்பி, "யார்ல இது, கோட்டி புடிச்ச கிறுக்கன்?" என்று கேட்டிருந்தார்.

மறுநாள் கேண்டீனில் ஒரே ஆரவாரம். என்னை மேஜை மேலேயே ஏற்றிவிட்டார்கள். நெஞ்சு, தாடை, மூடி விரித்தல், காற்றுத் தள்ளல், ஒன்று விடாமல் செய்தேன். சிரிப்புச் சத்தத்தில் அவர் உள்ளே வந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பினால், கையில் டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கை அந்தரத்தில் நின்றது.

அவர் கிட்டே வந்து, "கட்டவிரலு உள்ள மடங்கணும் தம்பி" என்றார். டம்ளரை வைத்துவிட்டு என் விரலைப் பிடித்து மடக்கியும் விட்டார். கேண்டீன் கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

அந்த வாரம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஷட்டரை இறக்கியது மூன்றாவது கடை. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்காரர் தோற்றுப்போய், "அண்ணாச்சி, இந்தாங்க டேப்பு. வீட்டுக்கே கொண்டுபோய் என்னமும் பண்ணிப் பாருங்க. பிடிச்சா காசக் குடுங்க, இல்லாட்டி நாளைக்குக் கொண்டாங்க. என் கடையில மட்டும் லைட்ட அணைக்காதீங்க" என்றார். செலக்டர் என்னைப் பார்த்தார். "வீட்டுக்கு வா, தம்பி. செத்த நேரம்தான்."

மூன்று வருஷம் ஒரே மில். அன்றுதான் முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போகிறேன். மகள்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள். அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நெஞ்சு, தாடை, மூடி விரித்தல். அவரும் கையாலேயே பதில் சொன்னார்.

அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். சின்னப் பிள்ளையில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அவரும் பின் வரிசையில் உட்கார்ந்து கைமொழியைக் கற்றுக்கொண்டாராம். நான்கு பேர் இருந்த கடையில் அவர் ஆடியது ஆட்டமல்ல, பேச்சு. தான் பேசுவது கோயம்புத்தூரில் மகளுக்கு விளங்குமா என்றுதான் அத்தனை டேப்பையும் சோதித்திருக்கிறார். 'விரல் ஒட்டுது' என்றால் அவருக்கு வார்த்தை ஒட்டுது.

அந்தப் பெண் உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். என் வீடியோ. உறுமி மேளம் ஓடுகிறது, அவளுக்கு அது கேட்கவில்லை. கேட்காததற்கு அன்றைக்கு நான் நன்றி சொன்னேன் என்றால் நான் எப்பேர்ப்பட்டவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மேலே நான் எழுதியதைப் படிக்க அவளுக்குக் கண் இருந்தது.

"அண்ணாச்சி..." என்றேன்.

"அன்னைக்கு ராத்திரியே காட்டிட்டா, தம்பி. நீ நல்லா எடுத்திருக்கியாம். விரலு ஒவ்வொண்ணும் தெரியுதாம்."

"ஏன் அண்ணாச்சி கடையில சொல்லல? விஷயத்தச் சொல்லியிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்கள்ல?"

"சொன்னா, ஐயோ பாவம்னு வெலையக் கொறப்பான். எனக்கு வெல வேண்டாம்யா, சரக்கு நல்லதா கெட்டதான்னு தெரியணும். பாவம்னு நெனச்சவன் சரக்கப் பத்தி உள்ளதச் சொல்லமாட்டான்."

அவர் மனைவி, எனக்கு மதினி முறை, காபியோடு வந்தார். அவர்தான் மிச்சத்தையும் சொன்னார். "அந்த வீடியோவுல இவுக என்ன சொல்லியிருக்காகன்னு தெரியுமா தம்பி? அவகிட்ட நேருல, தைரியமாப் போ, பாத்துக்கிடலாம்னுதான் வேல கெடச்ச நாள்லருந்து சொல்லுதாக. கடையில யாருக்கும் வெளங்காதுன்னு நெனச்சு மனசுல உள்ளதக் கொட்டியிருக்காக. 'எனக்குத்தான் பயமா இருக்கு. புடிக்கலன்னா அன்னைக்கே பஸ் ஏறிரு. அப்பா ஒரு வார்த்த கேக்கமாட்டேன், பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்'னு. போகவே மாட்டேன்னு அழுதுக்கிட்டு இருந்த புள்ள, அதப் பாத்த பொறவுதான் பெட்டியில துணி அடுக்குனா."

செலக்டர் தரையைப் பார்த்தபடி கறுப்பு பேண்டில் இல்லாத பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தகப்பன் மகளுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த பேச்சைத் தூக்கி நான் ஊருக்கே சிரிக்கக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு நல்லது நடந்துவிட்டது என்று தப்பிக்க முடியாது. நான் நல்லதுக்குப் போடவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து இறக்கினாள். "தேங்க்ஸ் சொல்லுதா" என்றார் அவர். திட்டியிருந்தால் காபியாவது உள்ளே இறங்கியிருக்கும்.

பட்டாசாலையில் டேப்பை நிறுத்தினோம். மகள் தன் போனோடு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் இங்கிருந்து கையால் பேச, அவள் அங்கிருந்து கதவைத் தட்டிப் புரியவில்லை என்று சொல்ல, கால் மணி நேரம் போனது. "பத்தாயிரத்துக்கு இம்புட்டுத்தான். நீ சொன்னதுதான் சரி, தம்பி, பொம்மதான்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

என்ன தோன்றியதோ, நான் எழுந்து என் போன் டார்ச்சைப் போட்டு அவர் கை மேல் அடித்தேன். "இப்பப் பேசுங்க அண்ணாச்சி." பேசினார். கதவு தட்டப்படவில்லை. இன்னும் பேசினார். திறந்துகொண்டு ஓடி வந்தாள். குறை டேப்பில் பாதி, வெளிச்சத்தில் பாதி. பிராசஸர், ரேம் என்று பொழிந்த எனக்கு இது தோன்ற ஒரு வாரமும் ஒரு அவமானமும் தேவைப்பட்டிருக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்பச் சோதிக்க, நான் முக்கால் மணி நேரம் கையைத் தூக்கியபடி நின்றேன். தோள் கழன்றது. இறக்கத் தோன்றவில்லை.

மறுநாள் செலக்டர் தீர்ப்பு சொன்னார். டேப்பை வாங்கலாம், கூட ஒரு எல்.ஈ.டி. லைட்டும் வாங்கணும். கடைக்காரர் பில் போடும்போது ஆனந்தத்தில் அழாத குறை.

அன்றைக்கே குரூப்பில் வீடியோவை அழித்துவிட்டு, நான் செய்தது தப்பு என்று எழுதினேன். மூன்று பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். ஊர் ஊராய்ப் போனதை எங்கே போய் அழிப்பது? மேஜை மேல் அதன் பிறகு நான் ஏறவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும், "வேலையப் பாரு தம்பி" என்றுவிட்டார். மன்னிக்கக் கோபம் வந்திருக்க வேண்டுமே, அவருக்கு வரவே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். மகள் திரையில் வந்ததும் அப்பாவும் மகளும் பேச ஆரம்பிப்பார்கள். எனக்குப் பாதிகூட விளங்காது. ஆனால் நான் சுவரோரம் தள்ளி நின்றால் செலக்டருக்குப் பொறுக்காது. பேச்சை நிறுத்தாமலே, கையை இறக்காமலே, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விடுவார்.