பூஜையில் வைத்த நாப்கின்

பெண்குலம் உய்வதற்கு ஒரே ஒரு கலியாணசுந்தரம் போதும். காஞ்சிபுரத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது. நெசவாளர் நலச் சங்கத் தலைவரான அவர், வளரிளம் பெண்களுக்கு ‘மாதவிடாய்ச் சுகாதார விழிப்புணர்வு’ ஊட்டுவதெனத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆண்கள் மட்டுமே கூடி அதை ஏகமனதாக நிறைவேற்றினார்கள். பெண்களைக் கேட்டிருந்தால் விஷயம் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

சங்க மண்டபத்தில் மாணவிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேடையில் இலவச நாப்கின் பெட்டிகள். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுவதென்றாலே பூஜை போடுகிற பரம்பரை தலைவருடையது. பெட்டிகளை மட்டும் சும்மா விடுவாரா? அம்மன் படத்தின் முன் அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். பிறகு ‘அந்த’ விஷயத்தைப் பற்றி ‘அந்த’ வார்த்தையைச் சொல்லாமலே அரை மணி நேரம் பேசினார். அந்த நாகரிகம் எல்லாருக்கும் வராது.

"தீட்டு, தூரம் எல்லாம் அந்தக் காலம்மா. சயின்ஸ் எங்கியோ போயிடுச்சி," என்று முடித்தார். மண்டபமே கைதட்டியது.

அப்போது ஒன்பதாம் வகுப்பு ஏலவார்குழலி, வகுப்பாசிரியை ரேவதியின் காதில் ஏதோ சொன்னாள். ரேவதி தன் கைப்பையைத் துழாவினார். ஒன்றும் இல்லை. மேடையேறி ஒரு பெட்டியில் கைவைத்தார்.

"இன்னா டீச்சர், யாருக்கு?"

"நம்ம குழலிக்கு சார். திடீர்னு வந்துடுச்சி. டிரெஸ்ஸெல்லாம் ஆயிடுச்சி."

கலியாணசுந்தரம் பதறிப்போனார். "அம்மனுக்கு வெச்சதும்மா இது. அந்த நேரத்துல தொடலாமா?"

"அந்த நேரத்துக்குத்தானே சார் இது?"

"நான் இல்லன்னா சொல்றேன்? அஞ்சு நாள் போவட்டும். தலைக்கு ஊத்திக்கினு வரட்டும். மொத பாக்கெட்டு அவளுக்குத்தான்."

"அதுவரைக்கும் இன்னா சார் பண்றது?" குழலியே கேட்டாள்.

"மொதல்ல வெளிய போய் நில்லும்மா. சாமி படம் இருக்குது பாரு."

தலைவரின் கருணையே கருணை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தேதியைத்தான் தள்ளிப்போட்டார். அம்மன் விஷயமாயிற்றே என்று ரேவதி டீச்சரும் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். ‘சுத்தமாக’ இருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பாக்கெட்டோடு போட்டோவுக்கு நின்றார்கள்.

ஊருலகத்து மணப்பெண்களுக்கெல்லாம் உடுத்தத் துணி தருகிற ஊர் இது. அதன் கடைவீதி வழியே, பட்டப்பகலில், ஏலவார்குழலி புத்தகப் பையைப் பின்னால் இறக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மறைத்துக்கொள்ள அவளுக்கு வேறொன்றும் யாரும் கொடுக்கவில்லை.