ஏலக்காய் ஸ்டோரின் இரட்டைப் பிறவி

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்தில் எப்போதும் ஒரு வரைபடம் இருக்கும். என்னுடையது கைப்பேசித் திரையில் வண்ணத்தில் ஓடியது.

போடிமெட்டுக்கு மேலே என் மாமனாருக்கு ஏலக்காய்த் தோட்டம். காயை உலர்த்தும் சூட்டறையை அங்கே ஸ்டோர் என்பார்கள். நான் ஆலை இயந்திரங்களுக்கு 'டிஜிட்டல் ட்வின்' செய்கிறவன். அதாவது, நிஜ இயந்திரத்துக்குக் கணினிக்குள் ஓர் இரட்டைப் பிறவி. இங்கே சூடானால் அங்கேயும் சூடாகும். எதிர்காலமே அதுதான் என்று அலுவலகத்தில் பேசிப் பேசி நானே நம்பிவிட்டேன்.

கல்யாணமான முதல் வருஷம். மாமனாரிடம் மதிப்பு வாங்கியே தீர வேண்டும். (கொண்டை ஊசி வளைவில் பைக் ஓட்டத் தெரியாத மாப்பிள்ளைக்கு வேறென்ன வழி?) அவரும் ஒரு லோடு காயை நம்பிக் கொடுத்தார்.

"பச்சை மாறாம வந்துட்டா எல்லா ஸ்டோருக்கும் மாட்டிருவோம் மாப்ளே."

காய் முக்கால்வாசி உலர்ந்திருந்த காலையில், மழையில் நனைந்துகொண்டே போய், ஸ்டோருக்குள் கொக்கி அடித்து ஈரப்பத சென்சாரைத் தொங்கவிட்டேன். மழைக்காலத்தில் மலையில் எல்லோரும் ஈரத்துணியை ஸ்டோரில்தான் காயப்போடுவார்கள். நானும் தலைதீபாவளிக்கு மாமா எடுத்துக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி, கைக்கு வாகாக இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு ஜீப்பில் போடிக்கு இறங்கினேன்.

மத்தியானம் மாமா வீட்டில் விருந்து. சொந்தக்காரர்கள் மத்தியில் கைப்பேசியை நீட்டினேன். "இங்க இருந்தே அங்க தீயைக் கூட்டலாம், குறைக்கலாம் மாமா." காய் இன்னும் ஈரம் என்றது இரட்டைப் பிறவி. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"தீயைக் கூட்டுங்கண்ணே."

"வெரசா கூட்டிர்றேன் தம்பி. உங்க மிசினுக்குச் சூடமெல்லாம் காட்டியாச்சு."

பாயசம் வந்தபோதும் ஈரம் என்றது. இன்னும் கூட்டச் சொன்னேன்.

சாயங்காலம் மாமாவோடு மேலே போனால், காய் மொத்தமும் பழுத்த நிறத்தில் வெடித்துக் கிடந்தது. (பச்சை போன காயை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.) சென்சாரைக் கட்டிப்பிடித்தபடி, கைக்குழந்தை அளவுக்குச் சுருங்கி, என் ஸ்வெட்டர். கணினிக்குள் நான் பெற்று வளர்த்தது ஸ்டோரின் இரட்டையை அல்ல, ஸ்வெட்டரின் இரட்டையை.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மாமா ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தார். "நல்லாத்தேன் காஞ்சிருக்கு மாப்ளே" என்றார்.

இன்று பெரிய ஆலைகளுக்கெல்லாம் இரட்டை செய்து தருகிறேன். மாமாவின் ஸ்டோரில் மட்டும் எனக்கு அனுமதி இல்லை. ஸ்வெட்டர் என் மகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஒவ்வொரு புது ஆலையிலும் வேலையைத் தொடங்கும்போது போடியிலிருந்து போன் வரும்.

"மாப்ளே, உள்ள துணி கிணி எதுவும் காயப்போடலையே?"

பக்கத்தில் எல்லோரும் சிரிப்பது கேட்கும். நான் சிரிப்பதில்லை. எதற்கும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.