பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு நின்ற அரைமணி நேரம்

விதிமுறைகளை மனப்பாடமாக வைத்திருப்பவனுக்குக் கண்ணெதிரே இருக்கும் வீதி தெரியாது. ஓய்வுபெற்ற பிறகு இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

சில வருடங்களுக்கு முன், பொகவந்தலாவை வீதியில் மண் சரிந்த வளைவொன்றில் மதில் கட்டும் வேலைக்கு நான் மேற்பார்வையாளன். ‘வேகத்தைக் குறைக்கவும்’ பலகையை இருநூறு மீற்றர் முன்னால் நடவேண்டும் என்பது விதி. நாடா பிடித்து அளந்து நட்டேன். அது இரண்டு வளைவுக்கு அப்பால் போய் நின்றது. பஸ்காரர்கள் பலகைக்கு மரியாதை கொடுத்து அங்கே மெதுவாகப் போனார்கள். இழந்த நேரத்தை எங்கள் வளைவில் பிடித்தார்கள்.

முதல் நாளே, சிவப்புக் கொடியோடு நின்ற செல்வமணி ஒரு பஸ்ஸுக்குத் தப்பி வடிகானுக்குள் பாய்ந்தாள்.

“பலகைய கிட்டக்க வைங்க ஐயா. நாளைக்கு நான் சாகணுமா?”

“விதியில அப்படி இல்லையேம்மா.” (ஆமாம், அப்படியேதான் சொன்னேன்.)

மறுநாள் காலை வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு பிள்ளையார் முளைத்திருந்தார்: ஆற்றுக்கல், மஞ்சள், குங்குமம், அருகம்புல், பக்கத்தில் ஒரு தட்டுத் திருநீறு. எங்கள் மலைகளில் சாமியைக் கண்டும் விரட்டிப் போகும் சாரதி கிடையாது. சிங்களச் சாரதிகளும் அப்படித்தான். வண்டிகள் ஊர்ந்தன. எனக்கோ பதற்றம். வேலைத்தளத்தில் அனுமதியில்லாத பொருள்! அன்று பொறியியலாளர் வேறு பார்வையிட வருகிறார். “தொடாதீங்க ஐயா!” என்று செல்வமணி கத்தக் கத்த, கல்லை இரு கைகளாலும் தூக்கினேன்.

அந்நேரம் பார்த்து பஸ் வந்தது. வழுக்கைத் தலையர் ஒருவர் பிள்ளையாரை ஏந்தி நிற்பதைக் கண்ட சாரதி, பஸ்ஸை நிறுத்தியே விட்டார்.

“பூசாரி ஐயா, திருநீறு குடுங்க. மொத ட்ரிப்பு.”

கல்லைக் கீழே வைக்கக் குனிந்தேன். “ஐயோ, தூக்குன சாமிய எறக்காதீங்க!” என்று பஸ்ஸே அலறியது. பின்னால் லொறியில் வந்த முஸ்லிம் நானா எட்டிப் பார்த்தார். “நமக்கு இது இல்ல சேர். ஆனா முன்னுக்கு நிக்கிறவன் போகணுமே!” அவருக்கும் பின்னால் பொறியியலாளரின் ஜீப்.

அவர் இறங்கி வந்து, வரிசையைப் பார்த்தார். வீதியோரம் பயமில்லாமல் நின்ற செல்வமணியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“பலகைய இங்க கொண்டாந்து நடுற வரைக்கும் அப்படியே நில்லுங்க.”

அரைமணி நேரம் நின்றேன். செல்வமணி வண்டி வண்டியாகத் திருநீறு கொடுத்தாள். கை ஒழியாத எனக்கு அவளே பூசியும் விட்டாள். மதில் முடியும்வரை ஒருவர் மேலும் ஒரு கீறல் விழவில்லை.

இன்றைக்கும் மருமகன் காரை விரட்டினால், பின் இருக்கையிலிருந்து என் மனைவி சொல்வாள்:

“நீங்க கொஞ்சம் எறங்கி முன்னால போய் நில்லுங்க. மறக்காம ஒரு கல்லையும் தூக்கிக்கங்க.”