அறுத்துப் பார்த்தால் அசல்

மாமனாரின் ருத்ராட்ச மாலை தண்ணீரில் மிதந்தது.

சமையலறை மேடையில் இருந்த பாத்திரத்துக்கு மேல் குனிந்து நின்ற ரிஜெக்ட் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இங்க வந்து பாரு! அசலா இருந்தா கல்லு மாதிரி முங்கணும். இது மிதக்குது. உங்கப்பா இத்தனை வருஷமா போலியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலைஞ்சிருக்காரு!"

துவைத்த துணிகளோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அதை எதுக்குத் தண்ணியில போட்டீங்க? பத்திரமா வெச்சுக்கச் சொல்லித்தானே அப்பா கொடுத்தாரு?"

"பத்திரமாத்தான் இருக்கு. மிதந்துக்கிட்டிருக்கு."

ரிஜெக்ட் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும். பேரிங்குக்குள் போடுகிற எஃகுக் குண்டுகளைச் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவர் வேலை. குண்டுகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் "ரிஜெக்ட்!" என்று தூக்கி எறிவார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற களை, கல்யாணப் போட்டோவில்கூட இல்லை. வீட்டிலும் அதே கதைதான். தக்காளி வாங்கினால் கூடையையே கவிழ்த்துவிட்டு இரண்டு பழம் எடுப்பார். காய்கறிக்காரர் இவர் தலையைக் கண்டாலே வண்டியைத் திருப்பிக்கொள்வார். ஏமாற்றுகிறவர்கள், ஏமாறுகிறவர்கள் என்று உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள் என்பது அவர் கணக்கு. இரண்டிலும் சேராத ஒரே ஆள் அவர்.

அப்படிப்பட்டவர் கையிலா மாலையைக் கொடுப்பது? மாமனாரைக் குறை சொல்லியும் பயனில்லை. அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும்போது கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றது இவர்தான். மாலையைக் கழற்றிக் கொடுக்கும்போது பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாப்பிள்ளை, இது என் கழுத்தை விட்டு இறங்கினதே இல்ல. ஒரு மணி மாறினாலும் என் விரலுக்குத் தெரிஞ்சிடும். பார்த்துக்குங்க."

"நான் பார்த்துக்கறேன் மாமா, கவலைப்படாதீங்க" என்றார் இவர்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நாளை மறுநாள் மாமனாரும் மாமியாரும் நேராக இங்கேதான் வருகிறார்கள். வந்ததும் மாலையை அப்பா கழுத்தில் தன் கையால் போட வேண்டும் என்று மனைவி காத்திருந்தாள். அது தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது.

"ரொம்பக் காஞ்சு போனா அசல்கூட மிதக்குமாம். போன்லயே போட்டிருக்கு" என்றாள்.

"போன்ல போட்டதையெல்லாம் நம்புவியா?"

"தண்ணியில போட்டுப் பார்க்கணும்னு நீங்க எங்க படிச்சீங்க?"

ரிஜெக்ட் சார் பாத்திரத்தையே முறைத்தார். அவரும் போனில்தான் படித்திருந்தார். தோற்றுப்போய் மாலையை எடுத்து வைத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். தோற்றுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லையே. அடுப்பைப் பற்ற வைத்தார்.

"கொதிக்க வெச்சா சாயம் போகும். சாயம் போனா போலி. இதுக்கு மேல பேச்சே கிடையாது."

தண்ணீர் கொதித்தது. மெதுவாகப் பழுப்பு நிறமாக மாறியது.

"பார்த்தியா! சாயம்!"

"சாயமா? அப்பா தலைக்குத் தடவுற எண்ணெய், வேர்வை, அழுக்கு எல்லாம் சேர்ந்து கரையுது. உங்க சட்டைக் காலரைக் கொதிக்க வெச்சாலும் இதே கலர்தான் வரும். அப்ப நீங்களும் போலியா?"

ரிஜெக்ட் சார் கடுப்போடு கரண்டியால் மாலையைத் தூக்கினார். கொதித்துக் கொதித்து நைந்திருந்த பழைய நூல் அந்தரத்தில் பட்டென்று அறுந்தது. மணிகள் தரையெங்கும் சிதறின. துள்ளித் துள்ளி ஓடி, ஃபிரிஜ்ஜுக்கு அடியிலும் அலமாரிக்கு அடியிலும் புகுந்துகொண்டன. ஒன்று மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவரோ தரையில் படுத்து, துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, கழுவித் துடைத்து, மேஜை மேல் வரிசையாக வைத்தார். ஒரு மணிகூடத் தொலையவில்லை. அந்தமட்டில் பிழைத்தது.

ஆனால் வரிசையாக வைத்ததுதான் வினையாகப் போயிற்று. வரிசையைப் பார்த்தால் அவர் கண் சும்மா இருக்காது. எல்லா மணியும் ஒரே அளவு, ஒரே உருண்டை, ஒரே மாதிரி கோடுகள். நடுவில் ஒன்று மட்டும் கோணல். ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் தேய்ந்து மங்கிப்போய் அசிங்கமாக இருந்தது.

"இதோ, அகப்பட்டுக்கிச்சு! எவனோ நடுவுல சொருகியிருக்கான். இதை அறுத்துப் பார்த்தா குட்டு உடைஞ்சிடும்."

"அறுக்கறதா? ஐயோ, வேணாங்க!"

"உள்ள அறை அறையா விதை இருந்தா அசல். வெளியில எத்தனை கோடோ, உள்ள அத்தனை விதை. அறுத்துப் பார்க்கறதுதான் கடைசி சோதனை. அதுல யாரும் ஏமாத்த முடியாது."

மனைவி தடுப்பதற்குள் கோணல் மணி இடுக்கியில் ஏறிவிட்டது. ஆக்சா பிளேடு நாலு இழுப்பு இழுத்தது. மணி இரண்டாகப் பிளந்து விழுந்தது.

வெளியே ஐந்து கோடு. உள்ளே ஐந்து அறை, ஐந்து விதை.

"அசல்!" என்று ரிஜெக்ட் சார் தன்னை மறந்து கத்தினார். "இருக்கறதுலயே மட்டமானதே அசல்னா, மத்ததைப் பத்திச் சொல்லவே வேணாம். மொத்த மாலையும் அசல்! உங்கப்பா ஏமாறலை!"

"அவர் ஏமாறலை. நான்தான் ஏமாந்துட்டேன், உங்களைக் கட்டிக்கிட்டு" என்று மனைவி அழ ஆரம்பித்தாள். "மொத்த மாலையும் அசல்னு கண்டுபிடிச்சு, அதுல ஒண்ணை ரெண்டாப் பொளந்து வெச்சிருக்கீங்களே! அப்பா விரலுக்குத் தெரிஞ்சிடும்னு சொன்னாரே! என்ன பதில் சொல்லப் போறீங்க?"

அப்போதுதான் ரிஜெக்ட் சாருக்கும் உறைத்தது. நோயிலிருந்து எழுந்து வருகிற மனுஷர். நம்பிக் கொடுத்த பொருள். மாமனார் கண் கலங்கியது ஞாபகம் வந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. "விடு, ஒரு மணிதானே? அதே மாதிரி வாங்கிக் கோத்துட்டாப் போச்சு" என்றார். துண்டுகள் இரண்டும் குப்பைக் கூடைக்குப் போயின.

மறுநாள் மணிகளில் கொஞ்சத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய், குண்டுகளை அளக்கிற கருவியில் அளந்தார். எல்லாம் ஒரே அளவு. மயிரிழை வித்தியாசம் இல்லை. அவருக்குப் புல்லரித்துவிட்டது. மெஷின் ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்தார்.

"பாருங்கய்யா! மரத்துல காய்ச்சது. படிப்பு கிடையாது, மெஷின் கிடையாது, ஓவர்டைம் கிடையாது. எவ்வளவு ஒழுங்கா இருக்கு! நீங்களும் இருக்கீங்களே!"

"அந்த மரத்தையே வேலைக்கு வெச்சுக்குங்க சார். எங்களை விட்டுடுங்க" என்றார் ஒருவர்.

"உன் குண்டையெல்லாம் விட அந்த மரம் மேல்!" என்று சொல்லிவிட்டு, அரை நாள் லீவு போட்டுக் கடைக்குக் கிளம்பினார். மனைவி பஸ் நிறுத்தத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். இனிமேல் அவரைத் தனியாக விடுவதாக இல்லை.

பூஜைப் பொருள் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மணியை எடுத்தார். கூடவே பளபளவென்று ஒரு சான்றிதழ்.

"அசல் சார். சர்ட்டிபிகேட்டோட வருது."

"இந்த சர்ட்டிபிகேட் அசல்தான்னு ஒரு சர்ட்டிபிகேட் இருக்கா?"

கடைக்காரர் இப்படி ஒரு கேள்வியை வாழ்க்கையில் கேட்டதில்லை. ரிஜெக்ட் சார் மணியை வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே பையிலிருந்து ஆக்சா பிளேடை எடுத்தார். படிக்கட்டில் வைத்து, செருப்புக் காலால் அழுத்திப் பிடித்து அறுத்தார். உள்ளே விதை இருந்தது.

"அசல்தான்" என்றார் திருப்தியாக.

"தெரியுது. இப்ப இதை எப்படிக் கோக்கறது?" என்றாள் மனைவி.

இன்னொன்று வாங்கினார். வாங்கிய கை அரித்தது. முதல் மணியைக் காட்டி நம்ப வைத்துவிட்டு இரண்டாவதில் ஏமாற்றுகிறவர்கள் இல்லையா? அதையும் அறுத்தார். அதுவும் அசல். கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அசல் என்று நிரூபணமானதெல்லாம் இரண்டு துண்டாகக் கிடந்தது. முழுசாக இருந்த எதையும் நம்ப முடியவில்லை. ஒருவர், "பாவம், நல்லா இருந்த மனுஷன் போல" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது மனைவி காதில் தெளிவாக விழுந்தது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பிளேடைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"மூணாவது ஒண்ணு வாங்குங்க. அறுக்காம வாங்குங்க. வீட்டுக்குப் போகலாம்."

ரிஜெக்ட் சார் தட்டு முழுவதையும் கிளறினார். மாமனாரின் மணி ஒன்றைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று ஒரு பக்கம் சப்பை.

"என்னய்யா சரக்கு இது? ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல! எல்லாம் ரிஜெக்ட்!"

"சார், போயிடுங்க சார்" என்றார் கடைக்காரர். கும்பிட்டே விட்டார்.

பிறகு தெருத் தெருவாக அலைந்ததில் மனைவியின் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். செருப்புத் தைக்கக் கொடுத்த இடத்துக்கு எதிரே ஒரு ஃபேன்சி கடை. வளையல், கிளிப், பொம்மைகளுக்கு நடுவே மணிச்சரங்கள் தொங்கின. ரிஜெக்ட் சார் சும்மா ஒரு சரத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அளவு பொருந்தியது. நிறம் பொருந்தியது. கோடுகூட அச்சு அசலாகப் பொருந்தியது.

"ஃபேன்சி கடையில போயா?" என்றாள் மனைவி.

"கடையைப் பார்க்காதே, சரக்கைப் பாரு. உங்கப்பா மாலை அசல்னு அறுத்துப் பார்த்து நிரூபிச்சாச்சு. அதோட இது பொருந்துது. அப்ப இதுவும் அசல்தானே? தான் வெச்சிருக்கறது என்னன்னு அந்தக் கடைக்காரனுக்கே தெரியாது. வாயைத் திறக்காம வாங்கிட்டு வா."

அவர் சொன்னதில் ஏதோ இடித்தது. எங்கே என்று யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. வாங்கினாள்.

அன்று சாயங்காலம் புது நூலில் மாலை தயாரானது. எந்த மணி புதிது என்று அவர்களுக்கே தெரியவில்லை. போதாக்குறைக்கு ரிஜெக்ட் சார் எண்ணெய் தடவித் துடைத்து வைத்தார். மாமனார் கொடுத்தபோது இருந்ததைவிட லட்சணமாகவே இருந்தது. கோணல் போய்விட்டதே!

மறுநாள் காலை மாமனார் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மாமியார் கைத்தாங்கலாகப் பிடித்து வந்து சோபாவில் உட்கார வைத்தார். மகள் மாலையைப் போட்டாள். பெரியவர் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, பழக்கப்படி மணிகளை உருட்ட ஆரம்பித்தார்.

விரல் ஒரு சுற்று வந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை மெதுவாக.

மனைவி கணவனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு சோதித்துவிட்டுச் சொல்லாமல் இருக்க அவரால் முடியுமா?

"நூல் நைஞ்சு போயிருந்துச்சு மாமா, புதுசாக் கோத்திருக்கோம். அதான் வித்தியாசமாத் தெரியுது. இன்னொரு விஷயம், உங்க மாலையை நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியறதில்ல பாருங்க. ஆனா உங்களை யாரும் ஏமாத்தலை. ஒவ்வொரு மணியும் அசல்! எழுதிக் கொடுக்கட்டுமா?"

மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. விரல் மட்டும் மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பியது.

மருந்துப் பையைப் பிரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒவ்வொண்ணுமா? அதுல அசல் ஒண்ணே ஒண்ணுதான் மாப்பிள்ளை. இவரோட அண்ணன் சாகறதுக்கு முன்னாடி கழட்டிக் கொடுத்த அந்தக் கோணல் மணி. அது ஒத்தையாத் தொங்கினா நல்லா இருக்காதேன்னு மத்ததையெல்லாம் நான்தான் ஃபேன்சி கடையில வாங்கிக் கோத்தேன்."