திரிந்த பாலும் ஒரு கப்பல் டிக்கெட்டும்

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் மறைத்தேன். அவர் கையில் என் கல்யாணம் இருந்தது.

அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேரில் குமாஸ்தாவாக இருந்தேன். கும்பகோணத்தில் பெண் நிச்சயமாகி, ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். மெயின்லேண்டுக்குப் போகும் கப்பல் நினைத்தபோது ஏறுகிற டவுன் பஸ் அல்ல. அடுத்த கப்பலை விட்டால் அதற்கடுத்தது முகூர்த்தம் முடிந்த பிறகுதான். பயணிகள் பட்டியல் எழுதுகிறவர் பிஸ்வாஸ் பாபு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்.

"ஜகா நஹி ஹை" என்று கையை விரித்தார். இடமில்லையாம். நான் நகராமல் நிற்கவே, பரிதாபப்பட்டு ஊர்க்கதை பேசினார். அவர் ஊரில் தினமும் காலையில் சானா சாப்பிடுவாராம். (பாலைத் திரிய வைத்து வடிகட்டினால் நிற்குமே, மெத்தென்ற கட்டி, அதுதான்.) இங்கே பால்பவுடரைக் கரைத்துக் குடித்தே நாக்கு செத்துவிட்டது என்று பெருமூச்சு விட்டார்.

"நான் செஞ்சு தரேன் சார்! எங்க வீட்ல தினமும் அதுதான்!" என்றது என் வாய். ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வரச் சொல்லி அழைத்தும் விட்டது. (எங்கள் வீட்டில் தினமும் கத்தரிக்காய்க் குழம்பு.) துறைமுகத்துக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் என் அறைக்குப் பின்னால் ஒருவர் மாடு வைத்திருந்தார். அது ஒன்றுதான் என் தகுதி.

ஞாயிற்றுக்கிழமை பாலைக் காய்ச்சி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். என்னோடு தங்கியிருந்த சுடலைமுத்து அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்வே, நல்ல பாலைப் போயி திரிய வைக்கீரு? கல்யாணம் நிச்சயமானவன் செய்யுத காரியமா இது?"

வடிகட்டச் சுத்தமான துணி வேண்டும். இருந்ததிலேயே சுத்தமானது நிச்சயதார்த்தத்தில் மாமனார் கொடுத்த வேட்டி. தீவு மழையில் வெள்ளைத் துணியெல்லாம் பழுத்துவிடும் என்று அதற்குத் தாராளமாக நீலம் போட்டிருந்தேன். அதுவும் பொடியைச் சரியாகக் கரைக்காமல். சுடச்சுட அதில் ஊற்றி, மூட்டை கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். "தண்ணி வடிஞ்சதும் தட்டில் எடுத்துச் சர்க்கரை தூவி வையுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, ஃபெர்ரியில் வரும் பாபுவை அழைத்துவரப் படகுத்துறை ஜெட்டிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் வீடு கமகமவென்று மணந்தது. சர்க்கரை போட்டும் சப்பென்று இருக்கிறதே என்று இரங்கி, அண்ணாச்சி கடுகும் மிளகாய் வற்றலும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியிருந்தார். அதன் அடியில் வெள்ளைக் கட்டி. கட்டி முழுக்க அங்கங்கே நீலத் தீவுகள்.

"யே நீலா க்யோன் ஹை?" ஏன் நீலம் என்றார் பாபு, மெதுவாக.

"மெட்ராஸ் ஸ்பெஷல் சார்."

"இன்னும் ரெண்டு கரண்டி வைக்கட்டுமா, சாப்?" என்று அண்ணாச்சி வேறு கரண்டியோடு முன்னேறினார்.

பாபு நல்ல மனிதர். வைத்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டார். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஜெட்டியை நோக்கி நடந்தார். நான் பாயில் குப்புற விழுந்து, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். முகம்கூடச் சரியாகப் பார்த்திராத அந்தப் பெண்ணை இழந்துவிட்டேன் என்று அழுதேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனவன் கையில் பாபு டிக்கெட்டைத் திணித்தார். "ஜல்தி ஷாதி கரோ, பாய்!" என்றார். சீக்கிரம் கல்யாணம் செய்துகொள் தம்பி, நீயே சமைத்துச் சாப்பிட்டால் பிழைக்கமாட்டாய் என்று தலையில் அடித்துக்கொண்டார். இல்லாத இடம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கப்பலேறிய பிறகுதான் தெரிந்தது. நோயாளிகளுக்கென்று ஒதுக்கிய கட்டிலில் என் பெயரை எழுதியிருந்தார்.

நான்கு நாளும் கஞ்சிதான் கொடுத்தார்கள். "நான் நல்லாத்தாங்க இருக்கேன்" என்றேன். "எல்லா பேஷண்டும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் கப்பல் உதவியாளர். மெட்ராஸ் துறைமுகத்தில் நோயாளிகளை முதலில் இறக்குவது வழக்கமாம். ஒருவர் என் தோளைத் தாங்கிப் படியில் இறக்கினார். கீழே கையில் ரோஜா மாலையோடு என் வருங்கால மாமனார்.

"மாப்ளே! உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. பால்கட்டி செஞ்சேன்."

அவர் மாலையைப் போடவில்லை. நேராக ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் தட்டிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, பசியைத் தவிர வேறு கோளாறு இல்லை என்று சொன்ன பிறகுதான் மாலை என் கழுத்தில் விழுந்தது. குறித்த முகூர்த்தத்தில் கல்யாணமும் நடந்தது.

ஆனால் கும்பகோணம் லேசில் விடுகிற ஊரா? தோளைத் தாங்கி இறக்கியது வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்ததாக ஆகிவிட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து என் மகளைப் பார்க்க வந்த பையனின் அம்மா, காபியைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. பொண்ணோட அப்பாவுக்குச் சின்ன வயசுல ஏதோ சீக்குன்னு கேள்விப்பட்டோம். பரம்பரையா வர்றதா?"

என் மனைவி கண் சிமிட்டாமல் சொன்னாள்: "பரம்பரைதாங்க. ஆனா பொண்ணுங்களுக்கு வராது. ஆம்பளைங்க அடுப்படிக்குள்ள போனாத்தான் வரும்."